உள்ளே போன செல் எங்கே?

மருந்து என்றால் நம் பாட்டிமார்களுக்கு மூன்றே வகைதான். விழுங்குவது, குத்திக்கொள்வது, தடவிக்கொள்வது. இந்த மூன்றிலும் மருந்து உடம்புக்குள் எங்கெங்கே போகிறது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. தலைவலிக்கு விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கரைந்து கால் கட்டைவிரல் வரை போய் வருகிறது, போகிற வழியில் தலைக்கும் கொஞ்சம் கிடைக்கிறது, வலி நிற்கிறது. அவ்வளவுதான் நமக்கு வேண்டியது.

இப்போது நான்காவதாக ஒரு மருந்து வந்திருக்கிறது. அதற்கு உயிர் உண்டு. நோயாளியின் உடம்பிலிருந்தோ வேறொருவர் உடம்பிலிருந்தோ செல்களை எடுத்து, வெளியே கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பெருக்கி, மறுபடி உள்ளே செலுத்துகிறார்கள். (இந்தக் கட்டுரையில் செல் என்று நான் எழுதுவதெல்லாம் உயிரணுவைத்தான், சட்டைப் பையில் கிடந்து அலறுவதை அல்ல.) உயிருள்ள மருந்து மாத்திரை மாதிரிக் கரைந்துவிடாது. நகரும், ஒட்டிக்கொள்ளும், பெருகும், செத்தும் போகும். வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இது வெறும் விஞ்ஞானக் கேள்வியாக எனக்கு வரவில்லை. நான் மும்பையில் இருபத்தேழு வருஷம் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் அல்ல. இருந்தாலும் டோம்பிவிலியில் எங்கள் கட்டடத்தில் யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும் ஃபிலிம் என் கைக்கு ஒரு தடவை வந்துவிட்டுத்தான் போகும். மூன்றாவது மாடியில் ஒரு நெல்லைக்காரர் இருக்கிறார். ஸ்டேஷன் பக்கம் மளிகைக் கடை. அவருடைய மகன் இருபத்திரண்டு வயதில் லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒரு நாள் ராத்திரி கடையை மூடிவிட்டு ஒரு வழவழப்பான விளம்பரப் புத்தகத்துடன் வந்தார். ஸ்டெம் செல் சிகிச்சை, நான்கு ஊசி, ஆறு லட்சம் ரூபாய். ஊரில் இருக்கும் வயலை விற்றுவிடலாமா என்று யோசனை. அவர் கேட்டது இதுதான்: “அண்ணாச்சி, ஊசி போட்டா அந்த செல்லு நேரா அந்த எடத்துக்குப் போயிருமா?”

பெரிய பெரிய ஆராய்ச்சிக் கூடங்கள் இருபது, முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை மளிகைக் கடைக்காரர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். அவருக்கு அன்று சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தானாகவே வீடு திரும்பும் செல்

ஒரு வகைச் செல் தானாகவே போய்ச் சேரும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் பரேல் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 1983-லேயே செய்துவிட்டார்கள். ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு, தானம் செய்தவரின் மஜ்ஜைச் செல்களை ரத்தம் ஏற்றுவது போல நரம்பு வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். எலும்பைத் துளைத்து உள்ளே வைப்பதில்லை. அந்தச் செல்கள் ரத்தத்தில் சுற்றி, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைத் தாங்களே கண்டுபிடித்து அங்கே குடியேறிவிடுகின்றன. இந்தச் சிகிச்சையை உருவாக்கிய டானல் தாமஸ் என்ற அமெரிக்க டாக்டருக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இது அற்புதம்தான். ஆனால் இந்த ஒரு வெற்றியைக் காட்டியே எல்லாச் செல்லும் இப்படித்தான் என்று பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மஜ்ஜைச் செல்லுக்கு மஜ்ஜையின் முகவரி தெரியும். முதுகுத் தண்டின் முகவரியோ, மூளையில் அடிபட்ட இடத்தின் முகவரியோ மற்றச் செல்லுக்குத் தெரியுமா? நரம்பில் செலுத்தப்படும் பல வகைச் செல்கள் முதல் சுற்றிலேயே நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன என்பது எலிகளில் நன்றாகத் தெரிந்த விஷயம்.

நம் ஊர்ப் பக்கம் கீதாரிகள் என்ன செய்கிறார்கள்? பல பேருடைய ஆடுகள் ஒரே மேய்ச்சலுக்குப் போகும்போது கலந்துவிடாமல் இருக்க, கொம்பிலோ முதுகிலோ சாயம் பூசி அனுப்புகிறார்கள். விஞ்ஞானிகளும் அதே வழியைத்தான் பிடித்தார்கள். சாயத்துக்குப் பதில் இரும்பு.

பல்லில் கம்பி, படத்தில் ஓட்டை

எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களுக்குத் தெரியும், அறைக்குள் நுழைவதற்குமுன் நாங்கள் செய்யும் அமர்க்களம். மோதிரம், கடிகாரம், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வோம். நம் பெண்களிடம் தாலியைத் தொட்டால் சண்டைதான். “தங்கத்தைக் காந்தம் இழுக்காதே” என்று ஒரு மாமி என்னோடு வாதம் செய்தார். வாஸ்தவம்தான். ஆனால் அந்தத் தாலிச் சங்கிலியில் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நாலு ஊக்கு மாட்டியிருந்தார். அது தங்கமில்லையே! ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக இருக்கும் 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப் புலத்தைப் போல் சுமார் 30 ஆயிரம் மடங்கு வலிமையுள்ளது. ஊக்கு அம்பாகப் பறக்கும்.

ஊக்கைக் கழற்றிவிடலாம். பல்லில் கட்டிய கம்பியை என்ன செய்வது? பல் வரிசைக்காகக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகளின் தலையைப் படம் எடுத்தால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய கறுப்பு ஓட்டை தெரியும். கம்பி என்னவோ மெல்லியதுதான். ஓட்டையோ அதைப் போல் பல மடங்கு. படம் கெட்டுப் போகும், ரேடியாலஜிஸ்ட் எங்கள்மேல் எரிந்து விழுவார்.

ஏன் அப்படி என்றால்: நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜனின் கருக்கள் காந்தத்துக்குள் ஒரே தாளத்தில் சுழன்று, மெல்லிய ரேடியோ ஒலிபோல ஒரு சமிக்ஞையை அனுப்புகின்றன. கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெண்களும் ஒரே தாளத்தில் கோலைத் தட்டினால் தெரு முனை வரை கேட்கும். நடுவில் ஒருத்தி வந்து தாறுமாறாகத் தட்டினால் அவளைச் சுற்றியுள்ள பத்துப் பேருக்கும் தாளம் தப்பும். ஓசை ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அமுங்கிவிடும். இரும்பு செய்வது இதைத்தான். தன்னைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தைக் கலைத்து, அக்கம்பக்கத்துத் தண்ணீரின் தாளத்தையெல்லாம் தப்பச் செய்கிறது. அங்கே சமிக்ஞை இல்லை, படத்தில் கறுப்பு.

எங்களுக்குத் தொல்லையாக இருந்த இந்தச் சங்கதி ஆராய்ச்சிக்காரர்களுக்கு வரமாகிவிட்டது. கண்ணுக்கு எட்டாத ஒரு துளி இரும்பு, தன்னைவிடப் பெரிய கறுப்புப் புள்ளியைப் போடுகிறது என்றால், செல்லுக்குள் இரும்பை வைத்துவிட்டால் செல் இருக்கும் இடம் தெரிந்துவிடுமே! அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆராய்ச்சிக் கூடத்தில் ஆலன் கொரெட்ஸ்கியின் குழு 2004-ல் ஒரே ஒரு துகளைச் சுமந்த ஒற்றைச் செல்லைக்கூட இப்படிப் படத்தில் காட்ட முடியும் என்று நிரூபித்தது.

இந்த வித்தையில் இயற்கை நம்மை முந்திக்கொண்டதையும் சொல்ல வேண்டும். சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் தங்கள் உடம்புக்குள்ளேயே காந்தத் துகள்களை மணி கோத்தாற்போல் வரிசையாக வளர்த்து வைத்துக்கொண்டு, திசைமானியைப் போல் உபயோகித்து நீந்துகின்றன. ரிச்சர்ட் பிளேக்மோர் 1975-ல் இதை எழுதினார். அதுவும் இதே மாக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடுதான்.

சர்க்கரைச் சட்டை போட்ட இரும்பு

ஆனால் கொல்லன் பட்டறை இரும்புத் தூளை அள்ளி செல்லுக்குள் போட முடியாது. சாதாரணக் காந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகும். ரத்தக் குழாயை அடைக்கும். இங்கேதான் ஓர் அருமையான பௌதிகம் உதவிக்கு வருகிறது. துகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், ஏறக்குறைய இருபது நானோமீட்டருக்குக் கீழே அதன் குணம் மாறிவிடுகிறது. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒன்று நானோமீட்டர்.) வெளியே காந்தம் இருக்கும்வரை அதுவும் காந்தம், காந்தத்தை எடுத்துவிட்டால் சாதாரணத் தூசு. வாத்தியார் இருக்கும்வரை வரிசையாக உட்கார்ந்திருந்துவிட்டு, அவர் தலை மறைந்ததும் கலைந்துபோகும் பிள்ளைகளைப் போல. இதன் கணக்கை 1949-லேயே போட்டு வைத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி நீல். 1970-ல் நோபல் பரிசு பெற்றவர்.

அந்தத் துகளுக்கு ஒரு சட்டையும் தேவை. அதற்கு டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியைச் சுற்றினார்கள். டெக்ஸ்ட்ரானைச் செய்து தரும் நுண்ணுயிரின் பெயர் லூகோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ். பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு இட்லி மாவு ராத்திரியில் பொங்குகிறதே, அதில் முக்கிய வேலை பார்ப்பதும் அதே ஆசாமிதான்.

இப்படிச் செய்த மருந்து ஒன்று, ஃபெரிடெக்ஸ் என்ற பெயரில், 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது செல்லைத் தேடுவதற்காக வந்ததல்ல, கல்லீரலைப் பார்ப்பதற்காக. கல்லீரலில் குப்பை பொறுக்கும் செல்கள் உண்டு. ரத்தத்தில் வரும் எந்தத் தூசியையும் விழுங்கிவிடும். இந்த இரும்பையும் விழுங்கும்; நல்ல கல்லீரல் படத்தில் கறுத்துப் போகும். புற்றுக் கட்டியில் அந்தச் செல்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே கட்டி மட்டும் வெளுப்பாகத் தனித்துத் தெரியும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

அங்கிருந்து அடுத்த யோசனைக்கு ஒரே எட்டுத்தான். உடம்புக்குள் செல்கள் இரும்பை விழுங்குகின்றன என்றால், வெளியே கண்ணாடித் தட்டில் இருக்கும்போதே செல்லுக்கு இரும்பை ஊட்டி, பிறகு உள்ளே அனுப்பினால் என்ன? சில செல்கள் ஆசையாகச் சாப்பிட்டன. ஸ்டெம் செல்கள் அடம் பிடித்தன. அவற்றுக்கு ஊட்ட, புரோட்டமின் என்ற இன்னொரு மருந்தை இரும்போடு கலந்தார்கள். அது இதய ஆபரேஷன்களில் ஹெப்பாரினை முறிக்க வெகு காலமாக உபயோகத்தில் இருப்பது; சால்மன் மீனிலிருந்து எடுத்து வந்தது.

இவ்வளவு இரும்பு உடம்புக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். ஒரு செல்லுக்கு ஏறக்குறைய பத்து, இருபது பிக்கோகிராம் ஊட்டுகிறார்கள். பத்து என்றே வைத்துக்கொண்டாலும், பத்து லட்சம் செல்லுக்கும் சேர்த்துப் பத்து மைக்ரோகிராம். நம் உடம்பில் மொத்தம் மூன்று நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. பழைய ரத்தச் சிவப்பணுக்கள் அழிவதால் தினமும் சுமார் இருபது மில்லிகிராம் இரும்பை உடம்பு எடுத்து மறுபடி உபயோகிக்கிறது. நாம் ஊட்டியதைப் போல் இரண்டாயிரம் மடங்கு. முருங்கைக் கீரைக் கணக்கில்கூட வராத அளவு இது.

எட்டுப் பேரில் நான்கு

இனி விஷயத்துக்கு வருகிறேன். மனிதர்களில் இந்த முறையைச் சோதித்துப் பார்த்த முதல் முக்கியமான ஆராய்ச்சி ஹாலந்து நாட்டில் நெய்மேகன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது. யோலாண்டா டி விரீஸ், கார்ல் ஃபிக்டர் ஆகியோரின் குழு 2005-ல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ பத்திரிகையில் வெளியிட்டது.

நோயாளிகள் எட்டுப் பேர். மெலனோமா என்ற தோல் புற்றுநோய். அவர்களுக்குக் கொடுத்தது டெண்ட்ரிடிக் செல். நம் உடம்பின் ஒற்றர் படை என்று இதைச் சொல்லலாம். எதிரியின் அங்க அடையாளத்தை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய், அங்கே இருக்கும் போர்வீரச் செல்களிடம் ‘இவன்தான்’ என்று காட்டிக் கொடுக்கும். கழுத்திலும் அக்குளிலும் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்கிறோமே, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. இந்தச் செல்லை 1973-ல் கண்டுபிடித்தவர் ரால்ஃப் ஸ்டைன்மன். அவருக்கு நோபல் பரிசு அறிவித்தது 2011 அக்டோபர் 3 அன்று. மனிதர் அதற்கு மூன்று நாள் முன்பே காலமாகிவிட்டார், பரிசுக் குழுவுக்குத் தெரியாது. கொடுத்த பரிசு கொடுத்ததே என்று விட்டுவிட்டார்கள்.

நெய்மேகன் டாக்டர்கள் நோயாளிகளின் ரத்தத்திலிருந்தே டெண்ட்ரிடிக் செல்களைத் தயாரித்து, புற்றுநோயின் அடையாளத்தைக் கற்றுக்கொடுத்து, அவற்றில் ஒரு பகுதிக்கு இரும்பும் ஒரு பகுதிக்கு இண்டியம் என்ற கதிரியக்கப் பொருளும் ஊட்டினார்கள். பிறகு நேராக ஒரு நிணநீர் முடிச்சுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். கண்ணை மூடிக்கொண்டு குத்தவில்லை. அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட், அல்ட்ராசவுண்ட் திரையில் முடிச்சையும் ஊசி முனையையும் பார்த்துக்கொண்டே செலுத்தினார். அதைவிட ஜாக்கிரதையாகச் செய்ய முடியாது.

கதிரியக்கப் படத்தில் ஒரு பளிச்சென்ற திட்டு தெரிந்தது. கிட்டத்தட்ட சரியான இடம். அதோடு விட்டிருந்தால் எல்லோரும் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில்தான் முடிச்சின் எல்லை தெரிகிறது, பக்கத்துக் கொழுப்பு தெரிகிறது, இரும்பின் கறுப்பு இவற்றில் எதற்குள் இருக்கிறது என்பதும் தெரிகிறது. பார்த்தால், எட்டுப் பேரில் நான்கு பேருக்குச் செல்கள் முடிச்சுக்குள் சரியாகப் போகவே இல்லை. பக்கத்துத் திசுவில் கிடந்தன.

பாதிப் பேர்! உலகத் தரமான ஆஸ்பத்திரியில், திரையைப் பார்த்துக்கொண்டு, தேர்ந்த கைகள் செய்த வேலை. அந்த டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை. இதை மறைக்காமல் பிரசுரித்ததற்காகக் கும்பிட வேண்டும். சரியாகப் போனவர்களிடம் வேறொன்றும் தெரிந்தது. செல்கள் முதல் முடிச்சோடு நிற்காமல் அடுத்தடுத்த முடிச்சுகளுக்கு நடந்து போயிருந்தன. அதையும் படம் காட்டியது.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். எட்டுப் பேரில் நான்கு பேருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரும்பு ஊட்டாமல் இருந்திருந்தால், ‘இந்த மருந்து பாதிப் பேருக்குத்தான் பலிக்கும்’ என்று எழுதியிருப்பார்கள். மருந்து வேலை செய்யாமல் போவது வேறு, மருந்து போய்ச் சேராமல் போவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியதுதான் அந்தக் கறுப்புப் புள்ளியின் பெருமை. என் கருத்தில், அதற்கு முன்னால் நடந்த செல் சிகிச்சை ஆராய்ச்சிகள் பலவற்றின் முடிவுகளை இந்தச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

அடுத்த வருஷமே ஷாங்காயில் மூளையில் அடிபட்டவருக்கு இரும்பு ஊட்டிய நரம்பு ஸ்டெம் செல்களைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். 2008-ல் ஜெனீவாவிலும் 2010-ல் பிராக் நகரிலும், சர்க்கரை நோயாளிகளின் கல்லீரலில் வைத்த கணையத் தீவுச் செல்களை இதே முறையில் பார்த்தார்கள்.

கறுத்ததெல்லாம் செல் அல்ல

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. படத்தில் தெரியும் கறுப்பு ‘இங்கே இரும்பு இருக்கிறது’ என்று மட்டுமே சொல்கிறது. செல் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. செல் செத்துப் போனால், குப்பை பொறுக்கும் செல் வந்து இரும்போடு சேர்த்து விழுங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும், படம் மாறாது. பழைய ரத்தக் கசிவும் கறுப்பு, காற்றுக் குமிழும் கறுப்பு. செல் இரண்டாகப் பிரிந்தால் இரும்பும் பாதிப் பாதி. சில தலைமுறைக்குப் பின் அடையாளம் மங்கிவிடும். ஆகவே ஊசி சரியான இடத்துக்குப் போனதா என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆறு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்பதற்குப் போதாத சாட்சி.

இன்னொரு வேடிக்கை, அல்லது வேதனை. ஆராய்ச்சி சூடு பிடித்த நேரத்தில் மருந்தே நின்றுவிட்டது. கல்லீரலைப் பார்க்க வேறு நல்ல வழிகள் வந்ததும் இந்த இரும்பு மருந்துகளுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. ஃபெரிடெக்ஸ் உற்பத்தி 2008-ல் நின்றது. செல் ஆராய்ச்சிக்காரர்கள் வாங்கும் நாலு சீசாவுக்காக எந்தக் கம்பெனி தொழிற்சாலை நடத்தும்? பிறகு, சிறுநீரக நோயாளிகளின் ரத்த சோகைக்காக 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெருமாக்சிட்டால் என்ற இரும்பு மருந்தை எடுத்துக்கொண்டார்கள். 2012-ல் அதோடு ஹெப்பாரினையும் புரோட்டமினையும் கலந்து செல்லுக்கு ஊட்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நரம்பில் நேராக ஏற்றும்போது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததால் 2015-ல் அந்த மருந்துக்கு அமெரிக்க அரசு கடும் எச்சரிக்கை விதித்தது வேறு கதை.

இரும்புக்குப் பதில் ஃப்ளூரின் ஊட்டுவது இன்னொரு வழி. எம்.ஆர்.ஐ.யில் தெரியும்படியான ஃப்ளூரின் நம் சதையில் கிடையாது. ஆகவே தெரிவதெல்லாம் நாம் அனுப்பிய செல்தான், சந்தேகமில்லை. 2014-ல் பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் முதன்முறையாகச் செய்து காட்டினார்கள். ஆனால் நிறையச் செல் இருந்தால்தான் தெரியும். இரும்புத் துகளை மட்டுமே தேடிப் படம் பிடிக்கும் தனி இயந்திரம் ஒன்றையும் ஹாம்பர்க் நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் கிளைக், வைட்செனேக்கர் என்ற இருவர் 2005-ல் வெளியிட்டார்கள். அது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி நம் தெரு ஸ்கேன் மையத்துக்கு வரவில்லை.

காந்தத் துகள் செல் சிகிச்சைக்கு வேறொரு விதத்தில் ஏற்கெனவே அன்றாடம் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ரத்தத்தில் ஆயிரம் வகைச் செல் கலந்து கிடக்கும். வேண்டிய வகைக்கு மட்டும் ஒட்டும்படி காந்தத் துகளைத் தயாரித்துக் கலந்து, காந்தத்தின் பக்கமாக ஓட விட்டால், வேண்டியது நிற்கும், வேண்டாதது வழிந்துவிடும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான்.

மூன்றாவது மாடிக்குத் திரும்பினால்

நெல்லைக்காரருக்கு நான் நான்கு கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எந்தச் செல், யாருடையது? எங்கே ஊசி போடுவீர்கள்? போய்ச் சேர்ந்ததை எப்படிப் பார்ப்பீர்கள்? இது பதிவு செய்த ஆராய்ச்சியா, என்றால் பதிவு எண் என்ன? நான்காவது கேள்விக்குக் காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட விதிமுறைப்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை வகைச் சிகிச்சையைத் தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. ஆராய்ச்சி என்றால் அதற்காக நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஆறு லட்சம் கேட்கிறார்கள் என்பதே ஒரு பதில்தான்.

அவர் போய்க் கேட்டார். மூன்றாவது கேள்விக்கு, அதெல்லாம் தானாகவே தேடிக்கொண்டு போய்விடும், கவலைப்படாதீர்கள் என்று இந்தியில் சொன்னார்களாம். பதிவு எண் எதுவும் இல்லை. கையெழுத்துப் போடச் சொன்ன காகிதம் பதினொரு பக்கம், ஆங்கிலம். அவருடைய மகள் வாங்கி வாசித்ததில், பலனுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வரி ஏழாம் பக்கத்தில் இருந்தது. “மேல்விலாசம் எழுதாம தபால்பெட்டியில போட்ட மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி” என்றார். வயல் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பையனை வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறார்கள். சக்கர நாற்காலியிலிருந்து தானாகக் கட்டிலுக்கு மாறப் பழகியிருக்கிறான். கடைக் கணக்கை இப்போது அவன்தான் பார்க்கிறான்.

முதுகுத் தண்டுக்குச் செல் சிகிச்சை என்றைக்குமே வராது என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் பல இடங்களில் ஒழுங்காக ஆராய்ச்சி நடக்கிறது. வந்தாலும் இந்தப் பையனுக்கு ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கும். முறிந்த எலும்பை நிறுத்த அவன் முதுகில் டைட்டானியம் திருகுகள் போட்டிருக்கிறார்கள். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் படத்தை அந்த இடத்தில் கோணலாக்கும். இரும்பின் கறுப்பையும் திருகின் கறுப்பையும் பிரித்துப் பார்ப்பது லேசான காரியமில்லை.

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிகளின் பதிவேடு 2007-லிருந்து இருக்கிறது. கணினியில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள். வீட்டில் பிள்ளைகள் இல்லாதவர்கள், அல்லது ஆங்கிலக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று தயங்குகிறவர்கள், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க நூலகத்துக்கு வாருங்கள். நான் அங்கேதான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ஸ்கேன் ஃபிலிமைப் பார்த்து நோய் சொல்வது டாக்டரின் வேலை, அதை நான் செய்ய மாட்டேன். கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழிலும் இந்தியிலும் எழுதித் தருகிறேன். காகிதத்தை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள், எல்லாப் பக்கத்தையும்.